ரோமின் இடிபாடுகளுக்கு நடுவே ஓடும் சாலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோமில் குடியிருப்பவர்களுக்கு, ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களையும் சுற்றிக்காட்டும் பொறுப்பு தானாகவே வந்து சேரும். எனக்கும் அப்படித்தான். வருகிறவர்கள் கொலோசியத்தைப் பார்த்து வியக்கிறார்கள். ஆனால் சந்தேகம் எல்லாம் அதன் வாசலில் வந்து முடிகிற சாலையைப் பற்றித்தான். இத்தனை பெரிய சாலை இங்கே எப்படி வந்தது, ஏன் எடுக்கவில்லை, இப்போது ஏன் மாற்றுகிறார்கள் என்று ஆளுக்கு ஆள் அதையே கேட்பதால், பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது எந்தச் சாலை? கொலோசியத்துக்கு நேராகப் போகுமே, அதுவா?

அதேதான். இத்தாலிய மொழியில் வியா தெய் ஃபோரி இம்பெரியாலி என்று பெயர். பேரரசர்கள் கட்டிய ஃபோரங்களின் சாலை என்று பொருள். ஃபோரம் என்றால் கோயில்களும் மண்டபங்களும் சூழ்ந்த பொதுச் சதுக்கம். பியாத்சா வெனேத்சியா சதுக்கத்தில் தொடங்கி, ஒரு வளைவும் இல்லாமல் கொலோசியத்தின் முன் முடிகிறது. நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அகலம் 30 மீட்டர்.

சதுக்கத்திலிருந்து கொலோசியத்தை நோக்கி நடந்தால், இடப்பக்கம் டிராஜன், அகஸ்டஸ், நெர்வா ஆகியோரின் ஃபோரங்கள் வரும். வலப்பக்கம் ஜூலியஸ் சீசரின் ஃபோரமும், அதற்கு அப்பால் பழைய ரோமன் ஃபோரமும், கடைசியில் மாக்சென்டியஸ் பசிலிக்கா என்ற பழைய பொது மண்டபத்தின் பிரம்மாண்ட வளைவுகளும் தெரியும். இரண்டு பக்கமும் பழைய தரை நம் காலுக்குப் பல மீட்டர் கீழே கிடக்கிறது. நாம் நடப்பது பள்ளங்களுக்கு நடுவே போடப்பட்ட அகன்ற வரப்பின் மேல் என்பது ஓரச்சுவரில் கைவைத்துக் கீழே எட்டிப் பார்க்கும்போதுதான் உறைக்கும்.

ரோமன் ஃபோரம் என்கிறீர்கள், பேரரசர்களின் ஃபோரங்கள் என்கிறீர்கள். இரண்டும் ஒன்றில்லையா?

இல்லை. ரோமன் ஃபோரம்தான் மூத்தது. குடியரசுக் காலத்திலேயே அங்கே சந்தை, நீதிமன்றம், கோயில், அரசியல் எல்லாம் நடந்தன. நகரம் பெருகி அந்த இடம் போதாமல் போனபோது, அதை ஒட்டி ஒவ்வொருவராகப் புதிய வளாகம் கட்டினார்கள். கி.மு. 46இல் சீசர், கி.மு. 2இல் அகஸ்டஸ், கி.பி. 75இல் வெஸ்பாசியன் கட்டிய அமைதிக் கோயில், 97இல் நெர்வா, 112இல் டிராஜன். ஐந்தும் ஒன்றோடொன்று சுவர் ஒட்டியவை. சாலை அவற்றைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகிறது. அதனால்தான் இன்று அவை தனித்தனித் துண்டுகளாகத் தெரிகின்றன.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். டிராஜன் தன் ஃபோரத்துக்கு இடம் தேடிக் குன்றின் சரிவையே வெட்டினார். அவருடைய தூணின் பீடத்தில் உள்ள கல்வெட்டு, எவ்வளவு உயர மலை அகற்றப்பட்டது என்பதைக் காட்டவே இந்தத் தூண் என்கிறது. இந்த இடத்தில் முன்னதை அழித்துப் பின்னதைக் கட்டுவது, இந்தச் சாலையைப் போட்ட பாசிச சர்வாதிகாரி முசோலினி தொடங்கிய பழக்கம் அல்ல.

இப்படிப்பட்ட இடத்தில் சாலை போட யாருக்கு மனம் வந்தது?

முசோலினிக்கு. பியாத்சா வெனேத்சியாவில்தான் அவருடைய அலுவலகம் இருந்தது. அங்கிருந்து கொலோசியம் வரை பார்வை தடையில்லாமல் ஓட வேண்டும், அந்த வழியில் படைகள் அணிவகுக்க வேண்டும், பழைய பேரரசும் தன் ஆட்சியும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பாசிசக் கட்சி ரோமுக்குள் நுழைந்ததன் பத்தாம் ஆண்டு நாளான 1932 அக்டோபர் 28 அன்று சாலையைத் திறந்தார். அன்று அதன் பெயர் பேரரசுச் சாலை. 1938 மே மாதம் ஹிட்லர் வந்தபோது இதே வழியாகத்தான் ஊர்வலம் போனது.

நேர்க்கோடு வேண்டும் என்பதற்காக வெலியா என்ற குன்றையே வெட்டி எடுத்தார்கள். வெட்டியபோது வரலாற்றுக்கு முந்தைய யானையின் எலும்புகள் கிடைத்தன. வேலையை நிறுத்தி நிதானமாக ஆராய யாருக்கும் நேரம் தரப்படவில்லை. கொலோசியத்தின் அருகே மேதா சுதான்ஸ் என்ற பழைய நீரூற்றின் எஞ்சிய கூம்பு நின்றது. அணிவகுப்புக்கு இடைஞ்சல் என்று 1936இல் அதையும் தரைமட்டமாக்கினார்கள். மாக்சென்டியஸ் பசிலிக்காவின் வெளிச்சுவரில் ரோமப் பேரரசு எப்படி வளர்ந்தது என்று காட்டும் நான்கு பளிங்கு வரைபடங்களை இன்றும் காணலாம். அவை 1934இல் பதித்தவை. முசோலினியின் எத்தியோப்பியப் படையெடுப்புக்குப் பிறகு, அவருடைய பேரரசைக் காட்டும் ஐந்தாவதும் வந்தது. போருக்குப் பின் அதை மட்டும் கழற்றிவிட்டார்கள்.

சாலை வருவதற்கு முன் அங்கே வெறும் மண்மேடுதானே இருந்தது?

மிகப் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பழைய இடிபாடு, நடுவில் காலி நிலம், அதில் சாலை என்று கற்பனை செய்துகொள்கிறார்கள். உண்மையில் அங்கே ஒரு முழுப் பேட்டை இருந்தது. அலெஸ்ஸாந்திரினோ என்று பெயர். பழைய ஃபோரங்களின் மேல் மண் மூடி, தண்ணீர் தேங்கி, சேறாகக் கிடந்த நிலத்தை 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடித்து, மேடாக்கி, தெருக்கள் போட்டார்கள். அதை முன்னின்று செய்த மிக்கேலே பொனெல்லி என்ற கர்தினாலின் பட்டப்பெயர் பேட்டைக்கு வந்தது. சுமார் மூன்றரை நூற்றாண்டுகள் அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். தச்சுப்பட்டறை, சிறு கடை, தேவாலயம், மாடிகளுக்குக் குறுக்கே துணி காயும் கொடி என்று சாதாரண நகர வாழ்க்கை.

1924 முதல் 1932 வரை அதை இடித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வீடு இழந்தார்கள். சில தேவாலயங்களும் போயின. நகர மையத்திலிருந்து இப்படி வெளியேற்றப்பட்டவர்களைக் கொண்டு வளர்ந்தவைதான் கோர்தியானி, பிரிமாவாலே போன்ற புறநகர்க் குடியிருப்புகள். போர்காத்தா என்று இன்றும் அவற்றை அழைக்கிறார்கள். தொழில் செய்த இடத்திலிருந்து பல மைல் தொலைவில், சரியான பஸ் வசதியோ குடிநீரோ இல்லாத இடங்களுக்கு ஏழைகள் போனார்கள். சென்னையில் கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களை அறிந்த தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இந்தச் சாலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பேரரசர்களைச் சொல்கிறார்கள், முசோலினியைச் சொல்கிறார்கள். நடுவில் வாழ்ந்தவர்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான்.

சாலைக்கு அடியில் இப்போது என்ன இருக்கிறது?

ஃபோரங்களின் பெரும் பரப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. 1930களில் அவசரமாகத் தோண்டினார்கள். பெரிய சிலைகள், தூண்கள் என்று கண்ணுக்கு நிறைவானதை எடுத்துக்கொண்டு மற்றதை மறுபடி மூடி மேலே சாலை போட்டார்கள். அலெஸ்ஸாந்திரினோ வீடுகளின் நிலவறைகளில் சிலவும் தப்பியிருக்கின்றன. டிராஜன் ஃபோரத்திலிருந்து சீசர் ஃபோரத்துக்குப் போகும் பார்வையாளர் வழி இப்போது சாலைக்கு அடியிலேயே நுழைந்து போகிறது. அதில் நடந்தால் தலைக்கு மேல் பஸ் ஓடுகிறது, பக்கத்தில் யாரோ ஒரு குடும்பம் சாமான் வைத்திருந்த நிலவறைச் சுவர் நிற்கிறது.

அகஸ்டஸ் காலத்துக்கும் நமக்கும் இடையில் வெற்றிடம் இல்லை என்பதற்கு நெர்வா ஃபோரமே சாட்சி. அங்கே தோண்டியபோது 9ஆம் நூற்றாண்டு வீடுகள் கிடைத்தன. பழைய ஃபோரத்தின் கற்களையே எடுத்துக் கட்டிய வீடுகள். அதற்கும் கீழே ரோமின் பழம்பெரும் வடிகாலான குளோவாக்கா மாக்சிமா போகிறது.

ஈராயிரம் ஆண்டு நின்ற கல்லாயிற்றே, வண்டி ஓடினால் என்ன ஆகிவிடப் போகிறது?

ஈராயிரம் ஆண்டில் ஆகாத கேடு இருபதாம் நூற்றாண்டின் சில பத்தாண்டுகளில் ஆனது. பளிங்கும், கொலோசியத்தைக் கட்டிய டிராவர்டைன் கல்லும் அடிப்படையில் கால்சியம் கார்பனேட். வண்டிப் புகையிலும் வீடுகளைச் சூடாக்கும் எரிபொருளின் புகையிலும் இருந்த கந்தக டை ஆக்சைடு, ஈரத்தோடு சேர்ந்து கல்லின் மேற்பரப்பை ஜிப்சமாக மாற்றியது. மழை படும் இடத்தில் அது கரைந்து ஓடும். ஓடும்போது சிற்பத்தின் மூக்கையும் விரலையும் மழுக்கிவிடும். மழை படாத இடத்தில் கரியோடு கலந்து கறுப்புப் பொருக்காக ஒட்டிக்கொள்ளும். பொருக்கு உதிரும்போது அடியில் இருக்கும் செதுக்கலும் சேர்ந்தே உதிரும்.

1970களின் இறுதியில் ரோமின் தொல்லியல் கண்காணிப்பாளராக இருந்த அத்ரியானோ லா ரெஜினா இதை ஊரறியச் சொன்னார். டிராஜன் தூணின் சிற்பங்கள் மாவாகின்றன என்ற செய்தி நகரத்தை உலுக்கியது. அப்போது மேயராக இருந்தவர் கலை வரலாற்றாசிரியர் ஜூலியோ கார்லோ அர்கான். நினைவுச்சின்னங்களா, கார்களா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர் நிலை. 1981இல் பழஞ்சின்னங்களைச் சீரமைக்கத் தனிச் சட்டமே வந்து, 180 பில்லியன் லீரா (அன்றைய இத்தாலிய நாணயம்) ஒதுக்கினார்கள். அதே ஆண்டு பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் வெண்கலக் குதிரைச்சிலையைக் கேபிடல் குன்றிலிருந்து இறக்கிச் சீரமைப்புக்கு எடுத்துப் போனார்கள். இன்று அங்கே வெளியில் நிற்பது நகல்தான். மூலச்சிலை அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது.

எரிபொருளில் கந்தகம் குறைந்துவிட்டதால் இன்றைய நிலை அன்றைக்கு இருந்த அளவு மோசமில்லை. ஆனாலும் நுண்துகளும் அதிர்வும் இருக்கவே செய்கின்றன. நடக்கிறவர்களின் நுரையீரலும் கணக்கில் வர வேண்டுமல்லவா?

இப்போது கார் போகலாமா, கூடாதா? நான் போனபோது பஸ் ஓடியதே.

கொலோசியத்துக்கும் லார்கோ கொர்ராதோ ரிச்சி என்ற சந்திப்புக்கும் இடைப்பட்ட பகுதியில் தனியார் வண்டிகளுக்குத் தடை, மேயர் இக்னாத்சியோ மரீனோ காலத்தில் 2013 ஆகஸ்டு 3 அன்று வந்தது. பஸ், டாக்ஸி, சைக்கிள் போகலாம். ஞாயிறு, விடுமுறை நாட்களில் பஸ்ஸும் டாக்ஸியும்கூட விலகிக்கொள்ளும். முழுச் சாலையும் நடப்பவர்களுக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு புதியதல்ல. 1981 பிப்ரவரியிலேயே, மேயர் லூயிஜி பெத்ரொசெல்லி முதன்முறையாக ஞாயிறன்று இந்தச் சாலையில் வண்டிகளை நிறுத்தினார். கேபிடல் குன்றையும் ரோமன் ஃபோரத்தையும் பிரித்த சாலையை எடுத்தவரும், கொலோசியத்தைச் சுற்றி வந்த வண்டிகளைக் கான்ஸ்டன்டைன் வளைவுப் பக்கமிருந்து விலக்கியவரும் அவர்தான். அதே ஆண்டு அக்டோபரில் திடீரென இறந்துபோனார். அவர் இருந்திருந்தால் இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகளுக்கு இடமே இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

கார்களைத் திருப்பிவிட்டால் பக்கத்துத் தெருக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

நியாயமான கேள்வி. 2013இல் இதைத்தான் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் குடியிருப்பவர்களும் கேட்டார்கள், எதிர்ப்பும் தெரிவித்தார்கள். சாலையை மூடினால் வண்டி காற்றில் கரைந்துவிடாது; சில நாட்களுக்காவது பக்கத்துச் சாலைகளை நெரிக்கும். வண்டியை விட்டுவிட்டு வர மாற்று வழி இருந்தால்தான் கூட்டம் உண்மையில் குறையும்.

அந்த மாற்று வழி மெட்ரோ. கொலோசியத்தின் எதிரே பி தடத்தின் நிலையம் 1955 முதல் இருக்கிறது. ஊரின் கிழக்குப் புறநகர்களை இணைக்கும் சி தடம் 2025 டிசம்பரில்தான் கொலோசியம் வரை வந்தது. அதே நாளில் போர்த்தா மெத்ரோனியா நிலையமும் திறந்தது. அடுத்த நிலையமான பியாத்சா வெனேத்சியாவில் வேலை நடக்கிறது. அது முடிந்தால் சாலையின் இரு முனைகளிலும் சி தடம் நிற்கும். 1932இல் புறநகருக்கு அனுப்பப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் சிலராவது அந்த ரயிலில் கொலோசியத்தின் வாசலுக்கே வந்து இறங்குவார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

சாலை கெடுதல் என்றால், மெட்ரோவுக்காகப் பூமியைக் குடைவது மட்டும் சரியா?

சுரங்கம் பழைய நகரத்தின் அடுக்குகளுக்குக் கீழே போகிறது. அங்கே மனிதர் விட்டுச்சென்றது எதுவும் இல்லை. சிக்கல் நிலையங்களில்தான். பயணி மேலிருந்து கீழே இறங்க வேண்டும், வழியில் எல்லாக் காலமும் குறுக்கிடும். எனவே நிலையக் குழியை மேலிருந்து தொல்லியலாளர்கள் அடுக்கு அடுக்காக, கையால் தோண்டுகிறார்கள். இந்தத் தடம் இத்தனை ஆண்டுகள் இழுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பலன் கண்கூடு. போர்த்தா மெத்ரோனியாவில் 2ஆம் நூற்றாண்டுப் படைவீரர் குடியிருப்பு கிடைத்தது. அது இப்போது நிலையத்துக்குள்ளேயே பார்வைக்கு இருக்கிறது. கொலோசியம் நிலையத்தில் பழைய கிணறுகளும் அவற்றிலிருந்து எடுத்த பானைகளும் இருக்கின்றன. பியாத்சா வெனேத்சியா பக்கம் முன்னோட்டமாகத் தோண்டியபோது பேரரசர் ஹேட்ரியன் காலத்து விரிவுரை மண்டபங்கள் வெளிப்பட்டன. மெட்ரோ வராவிட்டால் இவை எவற்றையும் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். 1932இல் சில மாதங்களில் குன்றை வெட்டித் தள்ளியதோடு இதை ஒரே தட்டில் வைக்க முடியாது.

பேசாமல் சாலையையே பெயர்த்து எடுத்துவிட்டால் என்ன?

இதைக் கேட்டவர்களில் மிகப் பெரியவர் பத்திரிகையாளர் அந்தோனியோ செதெர்னா. ஃபோரங்களின் மேலிருந்து சாலையை அகற்றி, கேபிடல் குன்றின் அடிவாரத்திலிருந்து ஆப்பியா என்ற ரோமர் காலப் பழஞ்சாலை வரை ஒரே தொல்லியல் பூங்காவாக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார். கட்டிடக் கலைஞர் லெயோனார்தோ பெனேவோலோ 1980களில் அதற்கு முழு வரைவே தயாரித்தார். பெத்ரொசெல்லிக்கும் அதே கனவு இருந்தது.

நடக்கவில்லை. போக்குவரத்து ஒரு காரணம், பணம் ஒரு காரணம், அரசியல் ஒரு காரணம். நானும் ரோமுக்கு வந்த புதிதில் செதெர்னாவின் பக்கம்தான் இருந்தேன். இன்று தயங்குகிறேன். சாலையை எடுத்தால் கிடைப்பது பெரும் பள்ளம். அதைச் சுற்றி வேலி வரும், டிக்கெட் வரும். இன்று அலுவலகம் முடிந்து வீடு திரும்பும் ஒருவர் ஒரு காசும் கொடுக்காமல் அகஸ்டஸ் கட்டிய சுவரின் ஓரமாக நடந்துபோகிறார். 30 மீட்டருக்கும் மேல் உயர்ந்த அந்தச் சுவர், பின்னால் இருந்த சுபுரா என்ற நெரிசலான ஏழைப் பேட்டையின் தீ ஃபோரத்துக்குள் தாவாமல் இருக்கக் கட்டியது. ஏழைகளை வெளியே நிறுத்திய சுவரை இன்று எல்லோரும் இலவசமாகப் பார்க்கிறார்கள். அந்த உரிமையை இழக்கக் கூடாது. ஆகவே, சாலை மெலிய வேண்டும், பாதசாரிகள் கைக்கு வர வேண்டும், தேவையான இடங்களில் அடியில் தோண்டவும் வேண்டும். முழுதாக மறைய வேண்டாம்.

முசோலினி போட்டதுதானே? அதை ஏன் பொத்திப் பாதுகாக்க வேண்டும்?

பாதுகாப்பது வேறு, கொண்டாடுவது வேறு. டிராஜன் குன்றை வெட்டியதை மேலே சொன்னேன். கர்தினால் ஃபோரங்களின் மேல் தெரு போட்டதையும் சொன்னேன். பிடிக்காத அடுக்கை எல்லாம் உரிக்கத் தொடங்கினால் எந்த அடுக்கில் நிற்பது? முசோலினி செய்ததும் அதைத்தானே: அவருக்குப் பேரரசின் அடுக்கு மட்டும் வேண்டியிருந்தது, இடையில் இருந்த மக்களின் அடுக்கை உரித்து எறிந்தார்.

ஆனால் சாலை எதற்காகப் போடப்பட்டது என்பதை அங்கே நிற்கிறவருக்குச் சொல்லியாக வேண்டும். பளிங்கு வரைபடங்களின் முன் படம் எடுத்துக்கொள்ளும் பலர், அவற்றைப் பழங்காலத்தவை என்றே நினைக்கிறார்கள். சாலையோரம் நிற்கும் வெண்கலப் பேரரசர் சிலைகளும் அப்படித்தான். அவை 1930களில் வார்த்து நிறுத்திய நகல்கள்.

சரி, புதிய வடிவமைப்பில் என்னதான் மாறும்?

திட்டத்தின் பெயர் புதிய தொல்லியல் நடைவழி. ஃபோரங்கள், கொலோசியம், செலியோ குன்று, சர்க்கஸ் மாக்சிமஸ் என்ற பழைய தேரோட்டத் திடல், கேபிடல் ஆகியவற்றை வளையமாகச் சுற்றி நடக்கும்படி இணைப்பது நோக்கம். மேயர் ரொபெர்த்தோ குவால்தியேரி நிர்வாகத்தில் சர்வதேசப் போட்டி வைத்து, 2024இல் ரோமைச் சேர்ந்த லாபிக்ஸ் என்ற கட்டிடக்கலை நிறுவனத்தின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தப் பெருந்திட்டத்துக்குப் பின்னால் இருப்பவர் வால்தெர் தோச்சி. 1990களில் நகரின் துணை மேயராகப் போக்குவரத்தைக் கவனித்தவர்.

வடிவத்தின் சாரம் இதுதான்: வண்டிக்குரிய நடுப்பகுதி குறுகும், இரு ஓரமும் நடக்கவும் உட்காரவும் விரியும். பள்ளத்தின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் மாடங்களிலிருந்து ஃபோரங்களைப் பார்க்கலாம். உயர்த்திய நடைபாதைகள், மரங்கள், இருக்கைகள் வரும். கேட்கும்போது சிறியதாகத் தோன்றலாம். ஜூலை மாதம் பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தச் சாலையில் வயதான பெற்றோரோடு நடந்தவர்களைக் கேளுங்கள், நிழலும் இருக்கையும் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்கள். அணிவகுப்புக்காகப் போட்ட சாலையில் ஒருவர் உட்கார இடமில்லாமல் இருந்ததில் வியப்பில்லை.

வளையத்தின் ஒரு துண்டு ஏற்கெனவே திறந்துவிட்டது. 2024 ஜனவரியில் செலியோ குன்றில் ஃபோர்மா ஊர்பிஸ் அருங்காட்சியகம் வந்தது. ஃபோர்மா ஊர்பிஸ் என்பது 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பளிங்கில் செதுக்கிய ரோம் நகர வரைபடம். சுமார் 18 மீட்டர் அகலம், 13 மீட்டர் உயரம். தப்பியது பத்தில் ஒரு பங்குதான். அந்தத் துண்டுகளைக் கண்ணாடித் தரைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள், மேலே நடந்தபடி பார்க்கலாம். அது பதிக்கப்பட்டிருந்த சுவரோ நம் சாலையின் ஓரத்தில், புனித கோஸ்மா தமியானோ தேவாலயத்தின் வெளிச்சுவராக இன்றும் நிற்கிறது. பளிங்குப் பலகைகளைப் பிடித்திருந்த கொக்கிகளின் துளைகள் செங்கல்லில் வரிசையாகத் தெரியும். அதைக் கவனிக்காமல் எல்லோரும் கொலோசியத்தைப் பார்த்தபடியே போய்விடுகிறார்கள். நீங்கள் நின்று பாருங்கள்.

ராணுவ அணிவகுப்பு இன்னும் நடக்கிறதாமே?

நடக்கிறது. ஜூன் 2, இத்தாலியக் குடியரசு நாள். மன்னராட்சி வேண்டாம் என்று 1946இல் மக்கள் வாக்களித்த நாள். முசோலினியின் சாலையில் குடியரசு அணிவகுப்பது சிலருக்கு உறுத்துகிறது. எனக்கு அதில் குறை தெரியவில்லை. வடிவமைப்பாளர்களுக்குத்தான் தலைவலி: நடுவில் நிலையாக எதையும் நட முடியாது.

இன்னும் தோண்டினால் புதிதாக எதுவும் கிடைக்குமா?

கிடைத்துக்கொண்டே இருக்கிறது. 2005இல் டிராஜன் ஃபோரத்தில் பழைய கழிவுநீர்க் கால்வாய்க்குள் பேரரசர் கான்ஸ்டன்டைனின் பளிங்குத் தலை கிடைத்தது. அலெஸ்ஸாந்திரினோ பேட்டையில் தப்பிய ஒரே தெருவான வியா அலெஸ்ஸாந்திரினாவின் ஒரு பகுதியை எடுத்துத் தோண்டியபோது, 2019 மே மாதம் மதுவின் கடவுளான தியோனிசஸின் சிலைத் தலை வெளிவந்தது. இடைக்காலச் சுவர் ஒன்றில் அது வெறும் கட்டுக்கல்லாகச் செருகப்பட்டிருந்தது. கண்குழிகள் வெறுமையாக இருந்தன. ஒரு காலத்தில் அவற்றில் கண்ணாடியோ வேறு கல்லோ பதித்திருக்க வேண்டும்.

இந்த அகழ்வுக்கு அஜர்பைஜான் அரசு பணம் கொடுத்தது. சீசர் ஃபோரத்தில் நடந்த அகழ்வுக்கு டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் அறக்கட்டளை கொடுத்தது. ஆனால் தலை கிடைத்ததற்கு ஈடாகத் தெரு குறைந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

வேலை ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது?

சாலையும் ஐந்து ஃபோரங்களும் நகராட்சியின் பொறுப்பு. ரோமன் ஃபோரம், பாலட்டைன் குன்று, கொலோசியம் மூன்றும் மத்திய அரசின் தொல்லியல் பூங்காவின் பொறுப்பு. ஒரே பள்ளத்தின் இரண்டு கரைக்கு இரண்டு நிர்வாகம். அதோடு மெட்ரோ, அதோடு பஸ் தடங்கள். ஒரு கல்லை நகர்த்த எத்தனை கையெழுத்து வேண்டும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவசரம் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சாலையோரத்தில் 13ஆம் நூற்றாண்டின் தொர்ரே தெய் கோந்தி என்ற கோபுரம் நிற்கிறது. சுற்றியிருந்த வீடுகளை 1930களில் இடித்தபோது தனித்து விடப்பட்டது. 2025 நவம்பர் 3 அன்று, சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்து, உள்ளே சிக்கிய தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். பழைய கட்டிடத்தில் வேலை செய்கிறவரின் உயிர் எந்தத் திறப்பு விழாத் தேதியையும் விடப் பெரியது.

தமிழர்களுக்கும் இந்த இடத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில். மாக்சென்டியஸ் பசிலிக்கா நிற்கும் இடத்தில் அதற்கு முன் பேரரசர் டொமீஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. ஹொர்ரேயா பிப்பெராத்தாரியா என்று பெயர். ரோமுக்கு வந்த மிளகின் பெரும்பங்கு மேற்குக் கரையின் சேரநாட்டுத் துறைமுகங்களிலிருந்து போனது. பொன்னோடு வந்த யவனர் கறியோடு திரும்பினார்கள் என்று அகநானூறு சொல்லும் முசிறி அவற்றில் ஒன்று. கறி என்பது மிளகு. கிடங்கின் சுவர்கள் பசிலிக்காவின் தரைக்கு அடியில் இருக்கின்றன.

உங்கள் கையில் கொடுத்தால் என்ன செய்வீர்கள்?

வியா அலெஸ்ஸாந்திரினாவில் மிஞ்சியிருக்கும் துண்டை இனித் தொட விடமாட்டேன். தியோனிசஸ் போல இன்னொரு தலை அடியில் இருந்தாலும் சரி, அது இன்னும் சில நூறு ஆண்டுகள் காத்திருக்கட்டும்.

அடுத்தது, புதிய நடைபாதையின் தளக்கற்களில், இடித்த தெருக்களின் கோடுகளையும் தேவாலயங்களின் சுவர்க் கோடுகளையும் வேறு நிறக் கல்லால் பதிக்கச் சொல்வேன். தெருப் பெயரும் அந்தந்த இடத்தில் இருக்க வேண்டும். இடிப்பதற்கு முன் எடுத்த புகைப்படங்கள் நகரத்தின் காப்பகங்களில் நிறைய இருக்கின்றன. வடிவமைப்பிலோ வழிகாட்டிப் பலகையிலோ அவற்றைச் சேர்ப்பது பெரிய செலவில்லை. பஸ்ஸைப் பொறுத்தவரை, பியாத்சா வெனேத்சியா நிலையம் திறக்கும் வரை ஒற்றைத் தடமாவது ஓடட்டும். முழங்கால் வலியோடு வருகிறவர்களும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.